மூத்திரப் பையைத் தூக்க யாரும் தகுதி கேட்பதில்லை

எம்.பி.பி.எஸ். சேரும்போது இட ஒதுக்கீடு உண்டு. எம்.எஸ். பொது அறுவைச் சிகிச்சை சேரும்போதும் உண்டு. அதற்கு மேல் எம்.சிஎச். யூராலஜி படிக்கப் போனால் கிடையாது. நீட் எஸ்.எஸ். தேர்வின் வழியாக நிரப்பப்படும் டி.எம்., எம்.சிஎச். இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஓர் இடம்கூட ஒதுக்கப்படுவதில்லை. 69 விழுக்காட்டை ஒன்பதாவது அட்டவணையில் வைத்துக் காப்பாற்றிய தமிழ்நாட்டிலும் இதே நிலைதான்.

நம் வட்டாரத்திலேயே பல தோழர்களுக்கு இது தெரியாது. நீட் என்றதும் நம் பேச்சு எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றுவிடுகிறது. 2017இல் அனிதாவைப் பறிகொடுத்தோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஏழரை விழுக்காடு உள் ஒதுக்கீடு வாங்கினோம். 2021இல் அகில இந்தியத் தொகுப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காட்டை மீட்டோம். எல்லாம் நியாயமான போராட்டங்கள். ஆனால் இவ்வளவுக்கும் நடுவே ஏணியின் கடைசிப் படியை யாரோ எப்போதோ கழற்றி வைத்துவிட்டார்கள் என்பதை நாம் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் "அவ்வளவு மேலே போகிறவனுக்கு எதற்கு ஒதுக்கீடு?" என்று கடந்துவிட்டார்கள்.

நான் திருவொற்றியூர்க்காரன். பட்டியல் சாதி. அப்பா துறைமுகத்தில் ஒப்பந்தச் சுமைத் தொழிலாளியாக இருந்தவர். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். இரண்டையும் ஒதுக்கீட்டில்தான் படித்தேன். அது என் உரிமை, சலுகை இல்லை. இப்போது யூராலஜிக்கு முயன்றுகொண்டிருக்கிறேன். எனக்கு இடம் கிடைக்குமா என்பதைப் பேச இதை எழுதவில்லை. அந்தக் கடைசிப் படி ஏன் இல்லை, யாருக்காக இல்லை என்பதைப் பேசத்தான் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் வேண்டிய துறை

எம்.எஸ். முடித்தவர் உயர் சிறப்புப் படிப்புக்குப் போக அறுவைச் சிகிச்சைத் தொகுதியில் ஒரே ஒரு தாள் எழுத வேண்டும். 150 கேள்வி, 600 மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். அந்தத் தரவரிசையை வைத்துக்கொண்டு குடல்–கல்லீரல் அறுவை, புற்றுநோய் அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி, குழந்தைகள் அறுவை, யூராலஜி என்று தேர்ந்தெடுக்கலாம். முன்வரிசையில் இருப்பவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் துறைகளில் யூராலஜி ஒன்று.

காரணம் எளிது. வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் செய்கிற வேலை அதிகம். லேசர் வந்துவிட்டது, ரோபோ வந்துவிட்டது. சிறுநீரகக் கல்லும் புராஸ்டேட் வீக்கமும் இல்லாத ஊர் கிடையாது. கார்ப்பரேட் மருத்துவமனைகள் தேடித் தேடி எடுக்கிற ஆள் யூராலஜிஸ்ட். பணமும் மரியாதையும் நிம்மதியான தூக்கமும் சேர்ந்து கிடைக்கிற துறைகள் மருத்துவத்தில் குறைவு.

அந்த வசதிகள் எனக்கும் வேண்டும்தான். துறவியாக இருந்தால்தான் தலித் ஒருவன் மேற்படிப்பு கேட்கலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் நான் வளர்ந்த பகுதியில் இருந்து பார்த்தால் யூராலஜிக்கு வேறொரு முகமும் உண்டு.

ராயபுரத்தில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தில் இருந்து வளர்ந்த மருத்துவமனை அது. 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி என்ற பெயர் வந்தது. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வரைக்கும் உழைக்கிற மக்களுக்கு இன்றைக்கும் அதுதான் பெரிய ஆஸ்பத்திரி.

இந்தப் பகுதியின் வேலைகளை நினைத்துப் பாருங்கள். கன்டெய்னர் யார்டில் வெயிலில் நிற்பது, வார்ப்பாலையில் உலைப் பக்கம் நிற்பது, லாரியில் நாள் முழுக்க எஞ்சின் சூட்டில் உட்கார்ந்திருப்பது. வேர்வையாகத் தண்ணீர் போய்விடும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. சிறுநீர் கெட்டியாகிக் கல் உருவாக இதைவிட வேறு என்ன வேண்டும்? பெண்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. வேலை செய்கிற இடத்தில் கழிப்பறை இல்லை என்பதால் காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வரும். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, கடும் வெப்பத்தில் செய்யும் வேலையையும் சிறுநீரகப் பாதிப்பையும் சேர்த்துப் பேசுகிறது. உப்பளத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயம், ரப்பர் தொழில்களில் புழங்கிய சில வேதிப்பொருள்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் மருத்துவத்தில் பழைய செய்தி. சிறுநீரில் ரத்தம் போகிறது என்று வருகிற ஒருவரிடம் "பீடி பிடிப்பீர்களா?" என்று எல்லா மருத்துவரும் கேட்பார்கள். "எந்தக் கம்பெனியில், எத்தனை வருஷம், என்ன வேலை?" என்பதையும் கேட்டாக வேண்டும். கேட்பதற்குத் தலித்தாகப் பிறக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த கேட்டுக்கு வெளியே அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு நின்றவர்களுக்கு அந்தக் கேள்வி தானாக வாயில் வரும். துறையின் உச்சியில் அப்படிப்பட்டவர்கள் நாலு பேர் இருந்தால் அந்தக் கேள்வி பாடத்திட்டத்துக்குள்ளும் ஆராய்ச்சிக்குள்ளும் போகும்.

வார்டில் இருக்கிற இரண்டு வேலைகள்

யூராலஜி வார்டில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கட்டில்களின் ஓரத்தில் தொங்கும் மூத்திரப் பைகள். சிலது மஞ்சள், சிலது ரத்தச் சிவப்பு. புராஸ்டேட் அறுவை முடிந்தவருக்கு டியூப் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், பை நிறைந்துகொண்டே இருக்கும். அதை அவ்வப்போது காலி செய்யாவிட்டால் கட்டி அடைத்துக்கொள்ளும், நோயாளி துடித்துப்போவார். அந்தப் பையைக் காலி செய்கிறவர் சரியாக வேலை செய்யாவிட்டால் எவ்வளவு பெரிய நிபுணர் செய்த அறுவையும் வீண்.

அந்த வேலையை யார் செய்கிறார்கள்? ஒப்பந்த நிறுவனத்தின் சீருடை போட்ட தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருக்களில் இருந்து வருகிறார்கள் என்பது மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. நான் பயிற்சியில் இருந்த ஒரு மருத்துவமனையில் எங்கள் பகுதி அக்கா ஒருவர் வேலை பார்த்தார். ஒருநாள் சொன்னார்: "நம்ம தெருவுலேந்து இந்த ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வர்றவங்க எட்டு பேரு தம்பி. கோட்டு போட்டுக்கினு வந்தவன் நீ ஒருத்தன்தான்."

ஒரே வார்டு. ஒரே மூத்திரம். அதை அள்ளிக் கொட்டுகிற வேலைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, கட்-ஆப் கிடையாது, தேசிய நலனும் கிடையாது. பிறப்பே போதும். நூறு விழுக்காடு ஒதுக்கீடு, எழுதப்படாமலேயே நடைமுறையில் இருக்கிறது. அது வருகிற பாதைக்குள் கருவியை விட்டு அடைப்பை எடுக்கிற வேலைக்கு மட்டும் "இங்கே தகுதி ஒன்றுதான் பேசும்" என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. மேற்கத்திய மருத்துவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஹிப்போகிரட்டிசின் பழைய உறுதிமொழியில், கல்லை அறுத்து எடுக்கும் வேலையைத் தான் செய்யமாட்டேன், அதைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் விட்டுவிடுவேன் என்று ஒரு வாக்கியம் வருகிறது. ஐரோப்பாவில் நெடுங்காலம் கல் அறுத்தவர்கள் ஊர் ஊராகச் சுற்றிய கைத்தொழிலாளர்களும் சவரத் தொழில் செய்த அறுவையாளர்களும்தான். நம் நாட்டில் ரத்தமும் சீழும் மூத்திரமும் தீட்டு. கட்டி அறுப்பது, காயத்துக்கு மருந்து கட்டுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் எந்தச் சமூகத்திடம் விடப்பட்டிருந்தன? தமிழ்நாட்டில் முடி திருத்தும் சமூகத்தை மருத்துவர் என்றும் அந்த வீட்டுப் பெண்களை மருத்துவச்சி என்றும் ஊர் ஏன் அழைத்தது? தீட்டாக இருந்தவரை நம் வேலை. அதற்குச் சம்பளமும் மரியாதையும் லேசர் கருவியும் வந்ததும் அது உயர் சிறப்பு. அங்கே நமக்கு இடமில்லை.

படியைக் கழற்றிய கைகள்

இது எப்படிச் சட்டமானது என்று தெரிந்துகொள்வது முக்கியம். அரசமைப்புச் சட்டத்தில் உயர் சிறப்புப் படிப்புக்கு ஒதுக்கீடு கூடாது என்று ஒரு வரிகூடக் கிடையாது.

1992 நவம்பர் 16 அன்று மண்டல் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காட்டை உறுதிசெய்த அதே தீர்ப்பில், சில பதவிகளுக்கு ஒதுக்கீடு உகந்ததாக இருக்காது என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஒரு பட்டியல் போட்டார்கள். பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி, பேராசிரியர் பதவி, விமானி, அதோடு மருத்துவத்திலும் பொறியியலிலும் உள்ள உயர் சிறப்புப் பதவிகள். கவனியுங்கள், அது வேலைவாய்ப்பு பற்றிய வழக்கு, படிப்புச் சேர்க்கை பற்றியது இல்லை. அந்தப் பட்டியலும் உதாரணத்துக்குச் சொன்னதுதான், முடிவெடுப்பது அரசின் வேலை என்றும் தீர்ப்பு சொன்னது.

1999 ஆகஸ்ட் 10 அன்று பிரீத்தி ஸ்ரீவத்சவா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த யோசனையை விதியாக்கியது. வழக்கு எம்.டி., எம்.எஸ். படிப்புகளுக்கான குறைந்தபட்ச மதிப்பெண் பற்றியது. உத்தரப்பிரதேசத்தில் பொதுப்பிரிவுக்கு 45 விழுக்காடு என்றும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20 விழுக்காடு என்றும் வைத்திருந்தார்கள். இவ்வளவு இடைவெளி கூடாது என்ற நீதிமன்றம், உயர் சிறப்பு நிலையில் தகுதியைத் தளர்த்துவது தேச நலனுக்கு எதிரானது, அங்கே ஒதுக்கீடே கூடாது என்றும் சொன்னது. 2013 ஜூலையில் எய்ம்ஸ் ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில், உயர் சிறப்புத் துறைகளின் ஆசிரியர் பணியிடங்களுக்கும் அதே தர்க்கத்தை நீட்டினார்கள். படிக்கவும் ஒதுக்கீடு இல்லை, பாடம் நடத்தவும் இல்லை. கேள்வித்தாள் தயாரிப்பவர், செய்முறைத் தேர்வுக்கு வருபவர், துறைத்தலைவர் எல்லோரும் எங்கிருந்து வருவார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

2006இல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒதுக்கீடு தந்த சட்டத்திலும் ஒரு பின்கதவு வைத்தார்கள். அதன் நான்காவது பிரிவு, மிக உயர்ந்த சிறப்பு நிலைப் படிப்புகளை மத்திய அரசு குறிப்பிட்டு விலக்கிக்கொள்ளலாம் என்கிறது.

மேலே வைத்த சுவர் மேலேயே நிற்பதில்லை, படிப்படியாகக் கீழே இறங்கும். 2025 ஜனவரி 29 அன்று உச்சநீதிமன்றம், முதுநிலை மருத்துவப் படிப்பில் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு என்று இடம் ஒதுக்குவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. படிப்பு உயர உயரத் தகுதி மட்டுமே என்ற பழைய வாதம்தான் அங்கேயும் வந்தது. இன்று எம்.சிஎச்.சில் இருப்பது நாளை எம்.எஸ்.ஸுக்கு வராது என்று யாரும் உறுதி தர முடியாது.

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையும் இட ஒதுக்கீட்டு எதிர்ப்பும் பிறந்த நாளில் இருந்தே சேர்ந்து வளர்ந்தவை. குடியரசு பிறந்ததும் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்து நீதிமன்றம் போன செண்பகம் துரைராஜன், மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்கவிடாமல் ஆணை தடுக்கிறது என்றார். அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. விண்ணப்பிக்காதவரின் தகுதிக்காக 1951 ஏப்ரலில் வகுப்புவாரி ஆணை செத்தது. தமிழ்நாடு கொதித்தது, பெரியார் வீதிக்கு வந்தார், சில வாரங்களில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. விண்ணப்பித்துவிட்டு நிற்கிற நம் தகுதிக்காக இன்றைக்கு எது நகர்கிறது?

பணத்துக்கு முன்னால் வளையும் தகுதி

20 விழுக்காடு மதிப்பெண் என்பது 1999இல் தேச நலனுக்கு ஆபத்தாக இருந்தது. 2023 செப்டம்பரில் என்ன நடந்தது? முதுநிலை நீட் கலந்தாய்வில் இடங்கள் காலியாகக் கிடந்தன. உடனே தகுதி வரம்பை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைல் ஆக்கினார்கள். தேர்வு எழுதியிருந்தாலே போதும், கலந்தாய்வுக்கு வரலாம். தனியார் கல்லூரியில் பல லட்சம் கட்ட முடிந்தவருக்குக் கதவு திறந்தது. அன்றைக்கு எந்தத் தேசமும் கெட்டுப்போகவில்லை.

உயர் சிறப்புப் படிப்புகளிலும் காலியிடங்கள் மிஞ்சும்போது கட்-ஆப்பைக் குறைத்துக் கூடுதல் சுற்றுகள் நடத்தியிருக்கிறார்கள். இடம் வீணாகக் கூடாது என்பது காரணம். நல்ல காரணம்தான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் காலி நாற்காலிக்காக வளையக்கூடிய தகுதி, இரண்டாயிரம் ஆண்டாக வெளியே நிறுத்தப்பட்ட மனிதருக்காக ஏன் வளையாது? இங்கே புனிதமாகக் காக்கப்படுவது மதிப்பெண் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது.

அவர்கள் கேட்பதும் நாம் சொல்வதும்

"எம்.பி.பி.எஸ்.ஸில் வாங்கினாய், எம்.எஸ்.ஸில் வாங்கினாய், இன்னும் எத்தனை தடவை?" இது நம் ஆட்களே சில நேரம் தடுமாறுகிற கேள்வி.

என் வகுப்புத் தோழர் ஒருவர் எம்.எஸ். முடித்ததும் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படித்தார். அவர் வீட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. நான் தாலுகா மருத்துவமனை ஒன்றில் இரவு டூட்டி பார்த்துவிட்டு, தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் அனுப்பிவிட்டு, மிச்ச நேரத்தில் படித்தேன். அவருடைய மாமா யூராலஜிஸ்ட். எந்தப் பயிலரங்குக்குப் போக வேண்டும், எந்தக் கருவியில் கை பழக வேண்டும், எந்தக் கல்லூரியில் கேஸ் அதிகம் என்பதெல்லாம் அவருக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. எனக்கு அதைச் சொல்ல ஆள் கிடைக்கவே மூன்று வருஷம் ஆனது. இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரே 150 கேள்விக்கு விடை எழுதினோம். அதற்குப் பெயர் சமபோட்டி.

படிக்கிற இடத்தில் நடப்பது தனிக்கதை. நான் பணிபுரிந்த ஓரிடத்தில் முதல் வாரமே ஒரு சீனியர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீ எந்த கோட்டா?" அதற்குப் பிறகு எண்டாஸ்கோப் என் கைக்கு வரவே இல்லை. கேமராவைப் பிடி, ரத்தம் வாங்கி வா, டிஸ்சார்ஜ் எழுது. அறுவைச் சிகிச்சை கையால் கற்கிற தொழில். கையில் கொடுக்காமல் இருந்துவிட்டு "இவனுக்குக் கை வரவில்லை" என்று சொல்வது மிகவும் சுலபம். எய்ம்ஸில் நடந்த சாதிப் பாகுபாட்டை விசாரித்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். வாய்மொழித் தேர்வில், விடுதியில், ஆசிரியரின் பார்வையில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பது வரிசையாக இருக்கிறது. 2019 மே மாதம் மும்பையில் முதுநிலை மகப்பேறு மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பழங்குடிப் பெண் பாயல் தட்வியை நாம் எப்படி இழந்தோம் என்பதும் நினைவிருக்கட்டும். டாக்டர் ஆகிவிட்டால் சாதி விலகிக்கொள்ளும் என்பவர்கள் அவர் அம்மாவிடம் போய்ச் சொல்லட்டும்.

உச்சநீதிமன்றமே 2022 ஜனவரியில், அகில இந்தியத் தொகுப்பில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு பற்றிய நீல் ஆரேலியோ நூனஸ் வழக்கில், பட்டம் வாங்கிவிட்டதாலேயே பின்தங்கிய நிலையின் தாக்கம் மறைந்துவிடாது என்றது. தேர்வு மதிப்பெண் மட்டுமே தகுதி ஆகாது, ஒதுக்கீடு தகுதிக்கு எதிரானது இல்லை என்றும் சொன்னது. எம்.பி.பி.எஸ். பட்டத்தால் மறையாதது எம்.எஸ். பட்டத்தால் மட்டும் மறைந்துவிடுமா?

"உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஆயிற்றே" என்பது அடுத்த கேள்வி. ஒதுக்கீடு உள்ளே நுழைவதற்குத்தான். வெளியே வருவதற்கு எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே தேர்ச்சி மதிப்பெண். மூன்று வருஷம் ஒரே வார்டில், ஒரே தியேட்டரில் தேய்ந்துதான் யூராலஜிஸ்ட் ஆக முடியும். 600க்கு எத்தனை வாங்கி உள்ளே வந்தார் என்பது மேசை மேல் படுத்திருக்கும் நோயாளியின் கல்லுக்குத் தெரியாது.

அனுபவத்தையும் பாருங்கள். 69 விழுக்காடு ஒதுக்கீட்டில் படித்த மருத்துவர்களைக் கொண்டு இயங்குகிற தமிழ்நாட்டில் 2018–20 கணக்குப்படி லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 54. இந்தியாவின் சராசரி 97. ரயில்வேயின் இருபதாண்டுக்கும் மேலான தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் அஷ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும், ஒதுக்கீட்டால் உற்பத்தித் திறன் குறைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். ஒதுக்கீடு வந்தால் தரம் கெடும் என்று சொல்பவர்கள்தான் ஆதாரத்தோடு வர வேண்டும். எழுபது ஆண்டாக அச்சத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாடு திறந்த பாதிக் கதவு

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்களுக்கு முதுநிலையில் இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. அந்த வழக்கை நடத்தியது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம். அதே ஆண்டு நவம்பரில், அரசுக் கல்லூரிகளின் உயர் சிறப்பு இடங்களில் பாதியை அரசு மருத்துவர்களுக்கு என்று தமிழ்நாடு ஆணை போட்டது. முதல் ஆண்டே நீதிமன்றத்தில் நின்றுபோனது. 2022 மார்ச்சில்தான் நடைமுறைக்கு அனுமதி கிடைத்தது.

இது பெரிய சாதனை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர் சென்னையில் யூராலஜி படிக்க வழி கிடைத்தது. படித்துவிட்டு அவர் அரசு மருத்துவமனைக்கே திரும்புவார். நம் வரிப்பணத்தில் கட்டிய கல்லூரியின் இடம் முழுவதையும் டெல்லிக் கலந்தாய்வில் கொட்டிவிட்டு வேடிக்கை பார்க்கும் நிலை பாதியாகக் குறைந்தது. இந்தப் பாதிக்கு ஆபத்து வந்தால் முதல் ஆளாக நிற்பேன்.

ஆனால் இது பணி அடிப்படையிலான ஒதுக்கீடு, சமூகநீதி ஒதுக்கீடு வேறு. அந்தப் பாதிக்குள்ளும் வரிசை மதிப்பெண் வரிசைதான். அரசுப் பணிக்கு இன்னும் வராதவர், ஒப்பந்தத்தில் இருப்பவர், பாண்டு காலத்தில் இருப்பவர் எல்லோருக்கும் மிஞ்சுவது அகில இந்தியப் போட்டிதான். பாதிக் கதவைக் காட்டி முழு வீடும் நமக்குத்தான் என்று பேச முடியாது.

என்ன கேட்கப் போகிறோம்?

முதலாவது, கணக்கு. நீட் எஸ்.எஸ். தொடங்கிய 2017இல் இருந்து ஒவ்வொரு உயர் சிறப்புத் துறையிலும் எந்தச் சமூகத்தில் இருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று அரசு வெளியிட வேண்டும். அந்தத் துறைகளின் பேராசிரியர்கள் பற்றியும் அதே கணக்கு வேண்டும். அறிவு அரங்கில் சாதி இல்லை என்பது உண்மையானால் கணக்கு காட்டுவதில் என்ன பயம்?

இரண்டாவது, தமிழ்நாட்டின் பங்காக இருக்கும் உயர் சிறப்பு இடங்களில் 69 விழுக்காட்டைக் கொண்டுவரச் சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். வழக்கு வரும். வரட்டும். 69 விழுக்காட்டுக்கும் வந்தது, ஏழரைக்கும் வந்தது. வழக்குக்குப் பயந்திருந்தால் நாம் இன்னும் 1951இல் நின்றுகொண்டிருப்போம்.

மூன்றாவது, நாடாளுமன்றம். 15(4), 15(5) பிரிவுகளின் கீழ் வரும் சேர்க்கையில் உயர் சிறப்புப் படிப்புகளும் அடங்கும் என்று தெளிவாக எழுதித் திருத்தம் கொண்டுவர வேண்டும். நீதிமன்றம் தடுத்ததைத் திருத்தத்தால் மீட்பது புதிதில்லை. 1951இல் முதல் திருத்தம், 1995இல் பதவி உயர்வில் ஒதுக்கீட்டுக்காக 77ஆவது திருத்தம், 2005இல் தனியார் கல்லூரிகளுக்காக 93ஆவது திருத்தம். முன்னேறிய சாதி ஏழைகளுக்குப் பத்து விழுக்காடு தர 2019 ஜனவரியில் இரண்டே நாளில் இரு அவைகளும் நிறைவேற்றித் தந்தன. மனமிருந்தால் இரண்டு நாள் போதும் என்று அவர்களே நிரூபித்துவிட்டார்கள்.

இதெல்லாம் நாலு டாக்டர்களின் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். உச்சியில் யார் உட்கார்கிறார்களோ அவர்கள்தான் கீழே யாருக்குக் கத்தி தருவது, யாருக்குத் துடைப்பம் தருவது என்று முடிவு செய்கிறார்கள். எது நோய், எதற்கு ஆராய்ச்சி, எந்த மருத்துவமனைக்கு எந்தக் கருவி என்பதும் அங்கேதான் முடிவாகிறது. கல்வி, போராட்டம், அமைப்பு என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதில் கல்வி என்பது பத்தாம் வகுப்போடும் முதல் பட்டத்தோடும் முடிகிற கல்வி இல்லை. அவரே கொலம்பியாவிலும் லண்டனிலும் கடைசிப் படி வரை ஏறிப் போய் உட்கார்ந்தவர்.

இப்போது எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருக்கும், எம்.எஸ்.ஸுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. யூராலஜி வேண்டுமா, கார்டியாலஜி வேண்டுமா, நியூரோ சர்ஜரி வேண்டுமா, ஆசைப்படுங்கள். விண்ணப்பம் போடுங்கள். "நமக்கு எதற்கு அவ்வளவு?" என்று சொல்கிற குரல் உங்களுடையது இல்லை, உங்களுக்குள் போட்டு வைக்கப்பட்டது. போட்டியில் ஜெயித்து உள்ளே போனால் பின்னால் வருகிறவருக்குக் கேமராவை மட்டும் கொடுக்காதீர்கள், கருவியைக் கொடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் அதை உங்கள் குறை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஒரு படி இல்லை. அதைத் திரும்ப மாட்டுகிற வேலை நம் எல்லோருடையதும்.